இணையத்தின் வழியே தொலைக்காட்சி: புயற்காலத்தில் அறிந்திருக்க வேண்டியவை

கொல்கத்தா நகரின் தென்பகுதியாகிய அலிப்பூரில் இந்திய வானிலைத் துறையின் மண்டல நிலையம் அமைந்துள்ளது. வங்காள விரிகுடாவில் தோன்றி மேற்கு வங்காளக் கரையையோ அந்தமான் நிக்கோபார் தீவுகளையோ நோக்கி நகரும் புயல்களைப் பற்றிய எச்சரிக்கைகள் இந்நிலையத்திலிருந்து விடுக்கப்படுகின்றன. எச்சரிக்கையைக் கணித்து எழுதுவது வானிலை அறிஞரின் பணி. அது மக்களின் காதுக்கும் கண்ணுக்கும் போய்ச் சேருவது வேறு சில சாதனங்களைச் சார்ந்த காரியம். அச்சாதனங்கள் மாறும்போது எச்சரிக்கையின் பயனும் மாறக்கூடும்.

1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் அந்நாளைய கல்கத்தாவைத் தாக்கிய கடும் புயலில் ஹூக்ளி ஆற்றின் வழியே கடல்நீர் பொங்கி ஏறிற்று. ஐம்பதினாயிரத்திற்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். அதற்கு மறு ஆண்டில், அதாவது 1865-இல், கல்கத்தாத் துறைமுகத்திற்கெனப் புயல் எச்சரிக்கை முறை ஏற்படுத்தப்பட்டது. துறைமுகக் கொடிமரத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கை அடையாளத்திற்கு ஒரு சிறப்பு உண்டு. அதை ஒருவர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் ஏற்றியவருக்கு வேலை ஒன்றே. பார்ப்பவர் தொகை பெருகுவதால் அடையாளம் மங்குவதில்லை. ஒருவர் பார்ப்பது மற்றொருவரைத் தடுப்பதும் இல்லை. பிற்காலத்தில் வந்த வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் இதே இயல்பு அமைந்திருந்தது.

அண்மை ஆண்டுகளில் பல குடும்பங்கள் கேபிள் இணைப்பையும் கூரை மேலுள்ள டிஷ் ஏரியலையும் கைவிட்டு, இணையத்தின் வழியே தொலைக்காட்சி காணத் தொடங்கியுள்ளன. திரையில் தோன்றும் படம் ஒன்றே ஆயினும், அது வரும் முறை முற்றிலும் வேறானது. அவ்வேறுபாட்டை விளக்குவதும், புயற்காலத்தில் அதனால் ஏற்படும் விளைவுகளைக் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் எடுத்துரைப்பதும் இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. ஒரு குரல், பல செவிகள்

கல்கத்தாவில் முறையான வானொலி நிலையம் 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. இந்தியாவில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் டில்லியில் சோதனை முறையில் தொடங்கிற்று. கல்கத்தாவில் அது 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் வந்தது. இவை யாவும் உயர்ந்த கோபுரம் ஒன்றிலிருந்து மின்காந்த அலைகளை நாற்புறமும் பரப்பும் முறையைச் சேர்ந்தவை. கோபுரத்தின் எல்லைக்குட்பட்ட எவரும் ஏரியல் ஒன்றை நிறுத்தி அலைகளை ஏற்றுக்கொள்ளலாம். எத்தனை பெட்டிகள் ஏற்கின்றன என்பது நிலையத்தாருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

செயற்கைக் கோள் இக்கோபுரத்தையே வானத்திற்கு உயர்த்திற்று எனலாம். பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள், பூமி தன்னைத்தான் சுற்றும் அதே வேகத்தில் சுற்றுவதால், தரையிலிருந்து பார்க்க நிலையாக நிற்பது போல் தோன்றும். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களில் நடத்தப்பெற்ற செயற்கைக் கோள் தொலைக்காட்சிக் கல்விச் சோதனை, ஒரே கோளினால் தொலைவிலுள்ள கிராமங்களுக்கும் பாடங்களைக் காட்ட முடியும் என்பதை மெய்ப்பித்தது. பின்னர் 2003-ஆம் ஆண்டிலிருந்து வீட்டுக் கூரையிலேயே சிறு டிஷ் ஏரியலைப் பொருத்தி நேரடியாகப் பெறும் சேவை இந்நாட்டில் தொடங்கியது.

கேபிள் தொலைக்காட்சி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. தெருவுக்கு ஒருவராக இயங்கும் கேபிள்காரர் பெரிய ஏரியல்களால் பெற்ற நிகழ்ச்சிகளைக் கம்பியின் வழியே வீடுகளுக்கு அனுப்புகிறார். கம்பியில் செல்லும் குறி தூரம் செல்லச் செல்லத் தேய்ந்துவிடும். ஆதலின் ஆங்காங்கே கம்பங்களில் பெருக்கிகள் பொருத்தப்படுகின்றன. அப்பெருக்கிகளுக்கு மின்சாரம் வேண்டும். 2012-ஆம் ஆண்டில் கொல்கத்தா, டில்லி, மும்பை, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் கேபிள் ஒளிபரப்பை எண்முறைக்கு மாற்றச் சட்டப்படி தவணை குறிக்கப்பட்டது. அதுமுதல் வீடுதோறும் செட்டாப் பெட்டி இடம்பெறலாயிற்று. எனினும் அடிப்படை மாறவில்லை. எல்லா நிகழ்ச்சிகளும் எல்லா வீடுகளின் வாயில் வரையிலும் வந்து நிற்கின்றன. வேண்டியதைப் பெட்டி பொறுக்கிக் கொள்கிறது.

2. இணையத்தில் படம் செல்லும் முறை

இணையம் என்பது தபாலை ஒத்த அமைப்பாகும். அதில் எச்செய்தியும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் ஆகியவை குறிக்கப்படும். வழியிலுள்ள நிலையங்கள் முகவரியைப் பார்த்து அடுத்த நிலையத்திற்குத் தள்ளிவிடும். சேருமிடத்தில் அவை வரிசைப்படி அடுக்கப்பட்டு மீண்டும் செய்தியாகும். வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அதை மறுபடி அனுப்புமாறு பெறுநரின் யந்திரம் கேட்டுக்கொள்ளும்.

பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்தியாவில் தொடங்கியபோது அது சென்றடைந்த நகரங்களுள் கல்கத்தாவும் ஒன்று. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 9,600 பிட் அளவுக்கே செய்தி வந்து சேரும். பிட் என்பது ஒன்று அல்லது சுழி என்னும் இரண்டிலொன்றைக் குறிக்கும் மிகச் சிறிய அளவாகும். இன்று சாதாரணமாகக் காணப்படும் படமொன்று நொடிக்கு 10 லட்சம் பிட் வேண்டுவது எனக் கொண்டால், ஒரு மணி நேரப் படத்தை அந்நாளைய கம்பியில் பெறுவதற்கு 104 மணி நேரம், அதாவது நான்கு நாட்களுக்கும் மேல் ஆகியிருக்கும். இத்தடை இரண்டு வழிகளில் நீங்கிற்று. கண்ணாடி இழைகள் கம்பியின் இடத்தைப் பிடித்தன. படத்தைச் சுருக்கும் கணித முறைகளும் வளர்ந்தன.

சுருக்கும் முறை எத்துணை இன்றியமையாதது என்பதை ஓர் எளிய கணக்கால் உணரலாம். உயர்தரப் படமொன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உண்டு. ஆக ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட் வேண்டும். நொடிக்கு 25 படங்கள் காட்டப்படுகின்றன. இவற்றைப் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட் வரும். ஆனால் செய்தி வாசிப்பவரின் பின்னாலுள்ள சுவர் நொடிக்கு இருபத்தைந்து முறை மாறுவதில்லை. மாறாத பகுதியை மறுபடி அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். இத்தகைய பல உபாயங்களால் 124 கோடி பிட் என்பது ஏறத்தாழ 50 லட்சம் பிட் அளவிற்குக் குறைக்கப்படுகிறது. இது மூல அளவில் சுமார் 250-இல் ஒரு பங்கு.

இவ்வாறு சுருக்கப்பட்ட நிகழ்ச்சி, சில நொடிகள் ஓடக்கூடிய துண்டங்களாக வெட்டப்படுகிறது. ஒரே துண்டம் உயர்தரம், நடுத்தரம், தாழ்தரம் எனப் பல அளவுகளில் தயாரித்து வைக்கப்படும். வீட்டிலுள்ள பெட்டியோ கைப்பேசியோ ஒவ்வொரு துண்டமாகக் கேட்டுப் பெறுகிறது. இணைப்பு விரைவாக இருப்பின் உயர்தரத் துண்டத்தைக் கேட்கும்; மந்தமாயின் தாழ்தரத் துண்டத்தைக் கேட்கும். மழை நாட்களில் படம் திடீரென மங்கிப் பின்னர் தெளிவது இதனாலேயே. பெட்டி கெட்டுவிட்டது என எண்ணுதல் தவறு.

பழைய முறைக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேற்றுமை இங்கேதான் உள்ளது. ஒலிபரப்பில் நிலையம் பேசுகிறது, யாவரும் கேட்கின்றனர். இணையத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்க, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பரிமாறப்படுகிறது.

3. கூட்டம் பெருகினால் நேர்வது யாது?

2023-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் ஆமதாபாத்தில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதியாட்டத்தை ஒரே இணையச் சேவையில் ஒரே நேரத்தில் 5.9 கோடி இணைப்புகள் கண்டு களித்தன. ஒவ்வொன்றும் நொடிக்கு 20 லட்சம் பிட் பெற்றதாக வைத்துக்கொண்டால், மொத்தம் நொடிக்கு 118 லட்சம் கோடி பிட் ஆகிறது. செயற்கைக் கோளாயின் அதே ஆட்டத்தை ஒரேயொரு முறை அனுப்பினால் நாடு முழுவதற்கும் போதும்.

இப்பெருஞ்சுமையைத் தாங்குவதற்கு, நிகழ்ச்சித் துண்டங்களின் நகல்கள் பல நகரங்களிலுள்ள கணினிகளில் முன்கூட்டியே வைக்கப்படுகின்றன. கொல்கத்தாவில் ஒருவர் கேட்கும் துண்டம் மும்பையிலிருந்து ஒவ்வொரு முறையும் வரவேண்டியதில்லை. அண்மையிலுள்ள கணினியே கொடுத்துவிடும். பண்டகசாலையிலிருந்து தானியத்தை ஊர்தோறும் கிடங்குகளில் சேர்த்து வைத்து விநியோகிப்பதை இது ஒக்கும்.

மற்றொரு முறையும் உண்டு. இணைப்பு வழங்கும் ஸ்தாபனமே தன் சொந்தக் கண்ணாடி இழை வலைக்குள் தொலைக்காட்சியை அனுப்புவது அது. அங்கே தலைமை நிலையத்திலிருந்து ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பிரதியே புறப்படுகிறது. பாதை கிளைக்கும் இடங்களில் மட்டும் அது நகலெடுக்கப்படுகிறது. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் தொடங்கிய கண்ணாடி இழைத் தொலைக்காட்சி இவ்வகையைச் சார்ந்தது. இதில் காணப்படும் நிகழ்ச்சிகள் வாடிக்கையாளரின் இணைய அளவில் கழிக்கப்படுவதில்லை. பொது இணையத்தின் வழியே வரும் நிகழ்ச்சியாயின், நொடிக்கு 50 லட்சம் பிட் வீதம் ஒரு மணி நேரத்திற்கு 2.25 ஜிகாபைட் செலவாகும். கைப்பேசியில் நாளொன்றுக்குக் குறிப்பிட்ட அளவே பெற்றுள்ள மாணவர் வீடுகளில் இக்கணக்கைச் சொல்லிக் கொடுப்பது நலம்.

4. தாமதம்

ஒரு துண்டம் முழுமையாகத் தயாரான பிறகே அதை அனுப்ப இயலும். பெறும் பெட்டியும் இரண்டு மூன்று துண்டங்களை முன்னதாகச் சேமித்துக்கொண்டே காட்டத் தொடங்கும். வழியில் சிறு தடை நேர்ந்தாலும் படம் நிற்காமலிருக்க இச்சேமிப்பு உதவுகிறது. ஆனால் இதன் விலை தாமதமாகும். நேரடி நிகழ்ச்சி இணையத்தின் வழியே வருகையில் கேபிளில் வருவதைவிட இருபது, முப்பது நொடிகள் பிந்துவது வழக்கம். சில வேளைகளில் அதற்கும் மேற்படும். செயற்கைக் கோளுக்குச் சென்று திரும்பும் அலைக்கோ கால் நொடியே போதும். மோகன் பகான் அணியும் கிழக்கு வங்க அணியும் மோதும் கால்பந்தாட்ட நாளில், அடுத்த வீட்டாரின் ஆரவாரம் கேட்ட பின்னரே தன் திரையில் கோல் விழக் காண்பவர், தம் வீட்டு இணைப்பு எவ்வகையினது என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

இத்தாமதம் புயல் எச்சரிக்கைக்கு ஊறு செய்யுமா? செய்யாது என்பதே நேர்மையான விடை. இந்திய வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை நான்கு கட்டங்களாக விடுக்கப்படுகிறது. முதற்கட்ட முன்னறிவிப்பு 72 மணி நேரத்திற்கு முன்னரும், இரண்டாவது 48 மணி நேரத்திற்கு முன்னரும், மூன்றாவது 24 மணி நேரத்திற்கு முன்னரும் வெளிவரும். புயல் கரை கடந்த பிறகு உள்நாட்டில் எவ்வாறு இருக்கும் என்னும் நான்காவது அறிவிப்பு, கரை கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரத்திற்கு முன்னர் தரப்படும். மூன்று நாட்களுக்கு முன்னரே வரும் செய்தியில் அரை நிமிடம் பெரிதன்று. ஆதலின் இணையவழித் தொலைக்காட்சியின் உண்மையான குறை தாமதத்தில் இல்லை. அது பாதை அறுந்துபோவதில் உள்ளது. 2020-ஆம் ஆண்டு மே மாதத்து நிகழ்ச்சிகள் இதைத் தெளிவாகக் காட்டின.

5. அலிப்பூர் கண்ட ஆம்பன் புயல்

2020 மே மாத நடுவில் வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் உருவான ஆம்பன், மே 18-ஆம் நாள் பெரும்புயல் நிலையை எட்டியது. 1999-ஆம் ஆண்டின் ஒடிசாப் புயலுக்குப் பின் அவ்விரிகுடாவில் அந்நிலையை எட்டிய முதற் புயல் இதுவே. பின்னர் சற்று வலுக்குறைந்து, மே 20-ஆம் நாள் பிற்பகலில் சுந்தரவனப் பகுதியில் மணிக்கு 155 முதல் 165 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் கரை கடந்தது. அன்று மாலை அலிப்பூர் நிலையத்தின் கருவிகள் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றைப் பதிவு செய்தன. டம்டம் விமான நிலையத்தில் வேகம் இன்னும் மிகுதியாக இருந்தது.

எச்சரிக்கை உரிய காலத்தில் விடுக்கப்பட்டிருந்தது. பல லட்சம் மக்கள் முன்னரே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உயிர்ச்சேதம் பெருமளவு குறைந்தமைக்கு அதுவே காரணம். எனினும் மேற்கு வங்காளத்தில் ஏறத்தாழ 100 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் மரம் விழுந்தும், சுவர் இடிந்தும், அறுந்து கிடந்த மின்கம்பியைத் தொட்டும் மாண்டவர்கள்.

அக்காலத்தில் கொள்ளை நோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு நிலவியது. அலுவலகங்களும் வகுப்புகளும் இணையத்தின் வழியே நடைபெற்று வந்தன. குடும்பத்தின் தொழிலும், கல்வியும், பொழுதுபோக்கும், செய்தியும் ஒரே இழையில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த இழையோ பெரும்பாலும் தெருவோர மரங்களிலும் விளக்குக் கம்பங்களிலும் கட்டப்பட்டிருந்தது. நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தபோது மின்கம்பி, கேபிள், கண்ணாடி இழை ஆகிய மூன்றும் ஒருங்கே அறுந்தன. பல பகுதிகளில் மின்சாரமும் இணையமும் கைப்பேசித் தொடர்பும் நாட்கணக்கில் இல்லாமற் போயின. விழுந்த மரங்களை அகற்றுவதற்கு இராணுவத்தின் உதவி கோரப்பட்டது.

இங்கு ஒவ்வொரு சாதனமும் எவ்விதத்தில் பழுதுற்றது என்பதைப் பகுத்தறிதல் வேண்டும்.

டிஷ் ஏரியலுக்கு வரும் அலையின் நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர். கனத்த மழைத்துளிகள் அவ்வலையை உறிஞ்சியும் சிதறடித்தும் வலுவிழக்கச் செய்யும். ஆகவே பெருமழையின்போது படம் மறையும். மழை தணிந்ததும் தானே திரும்பும். காற்றினால் டிஷ் சிறிது திரும்பிவிட்டாலோ அதை மீண்டும் சீராக்கும் வரை படம் வராது.

கேபிள் தொலைக்காட்சிக்குக் கம்பியும் வேண்டும், வழியிலுள்ள பெருக்கிகளுக்கு மின்சாரமும் வேண்டும். இரண்டிலொன்று போனாலும் தெரு முழுவதும் இருளும்.

வீட்டிற்கு வரும் கண்ணாடி இழை இணைப்பில் வழியில் மின்சாரம் தேவையில்லாத பிரிப்பான்களே பெரும்பாலும் பயன்படுகின்றன. இது கேபிளைவிடச் சிறந்த அமைப்பு. தலைமை நிலையத்தில் மின்சாரம் இருந்து, வீட்டிலுள்ள பெட்டிக்குச் சிறு பாட்டரியும் இருந்தால் இணைப்பு தொடரும். ஆனால் இழை எங்கேனும் ஓரிடத்தில் முறிந்தால், அதற்கப்பாலுள்ள அனைவருக்கும் தொடர்பு அறும். முறிந்த கம்பியை முறுக்கிச் சேர்ப்பதுபோல் கண்ணாடி இழையைச் சேர்க்க இயலாது. அதற்குத் தனிக் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும்.

கைப்பேசிக் கோபுரங்களில் பாட்டரிகளும் டீசல் யந்திரங்களும் உண்டு. வழிகள் அடைபட்டு டீசல் வராத நிலையில் அவை சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அன்றியும், வீட்டு இணைப்பு அற்றதும் யாவரும் கைப்பேசி இணையத்திற்குத் திரும்புவதால், எஞ்சி நிற்கும் கோபுரங்களில் நெருக்கடி மிகும். அந்நிலையில் தொலைக்காட்சிப் படம் பார்ப்பது, உதவி கேட்டு அழைப்பவரின் பாதையை அடைப்பதாகும்.

தமிழ்நாட்டிலும் இவ்வனுபவம் புதிதன்று. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையைத் தாக்கிய வர்தா புயலிலும், 2018 நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலிலும் கம்பங்களும் கம்பிகளும் பெருமளவில் வீழ்ந்தன. கஜா புயலுக்குப் பின் காவிரிக் கழிமுகப் பகுதியின் பல சிற்றூர்களில் மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின.

6. குறைகளுடன் நன்மைகளும்

மேற்கூறியவற்றால் இணையவழித் தொலைக்காட்சி வேண்டாதது என முடிவு செய்தல் பொருந்தாது. குறித்த நேரத்திற்குக் காத்திராமல் வேண்டிய நிகழ்ச்சியை வேண்டிய நேரத்தில் காணலாம். ஒரு பாடத்தை நிறுத்தியும் திருப்பியும் வகுப்பில் காட்டலாம். வானிலைத் துறையின் ராடார் படங்களையும், மாவட்டந்தோறும் தரப்படும் எச்சரிக்கைகளையும் அதே திரையில் பெறலாம். ஒரு கொல்கத்தாக் குடும்பம் தமிழ்ச் செய்தியையும், ஒரு சென்னைக் குடும்பம் வங்காளச் செய்தியையும் தனிக் கட்டணமின்றிக் காண வாய்ப்பு மிகுந்துள்ளது. பிரசார் பாரதியே 2024 நவம்பரில் வேவ்ஸ் என்னும் இணையச் சேவையைத் தொடங்கியுள்ளது.

மக்களும் அத்திசையில் நகர்கின்றனர். கட்டணம் செலுத்தி டிஷ் சேவை பெற்றவர் தொகை 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7 கோடியாக இருந்தது. 2024 இறுதியில் அது 6 கோடிக்கும் கீழே இறங்கிற்று. தூர்தர்ஷனின் பழைய தரைக் கோபுரங்களும் பெரும்பாலும் 2022-ஆம் ஆண்டுக்குள் மூடப்பட்டன. ஆகவே, ஏரியலை நீட்டி அருகிலுள்ள கோபுரத்திலிருந்து படம் பெறும் பழைய வழி பெரும்பாலான ஊர்களில் இன்று இல்லை. முன்னர் ஒரு வீட்டில் ஏரியல், கேபிள், வானொலி என மூன்று வழிகளில் செய்தி வந்தது. இன்று பல வீடுகளில் தொலைக்காட்சி, தொலைபேசி, செய்தித்தாள் யாவும் ஒரே வழியில் வருகின்றன. சாதனங்கள் பெருகியிருக்க, பாதைகள் குறைந்திருக்கின்றன. களப்பணியாளர் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

கொடிமர அடையாளத்தின் இயல்பு இன்றைய சாதனங்களிலும் அடியோடு மறைந்துவிடவில்லை. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே சமயத்தில் உரத்த ஒலியுடன் அபாய அறிவிப்பை அனுப்பும் முறை 2023-ஆம் ஆண்டில் இந்தியாவில் பரவலாகச் சோதிக்கப்பட்டது. இவ்வறிவிப்பு தனித்தனி முகவரிக்குச் செல்வதன்று. கோபுரத்திலிருந்து யாவருக்கும் ஒருங்கே பரப்பப்படுவது. எனவே கூட்டம் மிகுந்தாலும் நெருக்கடியால் தடைபடுவதில்லை. கோபுரம் உயிருடன் இருத்தல் ஒன்றே வேண்டும்.

7. களப்பணியாளர் கவனத்திற்கு

(அ) பொறுப்பிலுள்ள பகுதியில் எத்தனை வீடுகள் கேபிள், டிஷ், இணையம் ஆகியவற்றுள் எதனால் செய்தி பெறுகின்றன என்பதைப் புயற்பருவத்திற்கு முன் கேட்டுக் குறித்து வைத்தல் வேண்டும். வங்காள விரிகுடாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் புயல்கள் மிகுதி.

(ஆ) 72, 48, 24 மணி நேர எச்சரிக்கைகள் வரும் காலத்தில் இணையம் நன்கு இயங்கும். அப்போதே வேண்டிய செய்திகளையும், படங்களையும், புகலிடங்களின் பட்டியலையும் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளவும், தாளில் எழுதி ஒட்டவும் மக்களைத் தூண்ட வேண்டும். தாளுக்கு மின்சாரம் வேண்டியதில்லை.

(இ) வீட்டு ரூட்டருக்குச் சிறு பாட்டரி வைத்திருப்பது பயனுடையது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள பாட்டரியில் 84 வாட்-மணி ஆற்றல் உண்டு. 15 வாட் செலவிடும் பெட்டியை அது நடைமுறையில் நான்கு மணி நேரம் இயக்கக்கூடும். ஆனால் தொலைக்காட்சிப் பெட்டியையும் சேர்த்து இயக்க அது போதாது.

(ஈ) ஒவ்வொரு பள்ளியிலும், புகலிடத்திலும், சில வீடுகளுக்கு ஒன்றாகவேனும் உலர்மின்கலங்களால் இயங்கும் டிரான்ஸிஸ்டர் வானொலி ஒன்று இருத்தல் வேண்டும். தொலைவிலுள்ள ஆகாசவாணி நிலையத்தின் மத்திய அலையை அது பெறும். உள்ளூர்க் கம்பங்கள் வீழ்ந்தாலும் அதற்கு ஊறில்லை. மின்கலங்களைப் பெட்டிக்குள் வைத்தே விட்டுவிட்டால் அவை கசிந்து கருவியைக் கெடுக்கும். பருவத்தின் தொடக்கத்தில் புதியவை வாங்கித் தனியே வைத்திருந்து, மாதம் ஒரு முறை பொருத்திச் சோதித்தல் நன்று.

(உ) காற்று ஓய்ந்த உடனே புயல் ஓய்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. புயலின் கண் கடக்கும்போது வானம் தெளிந்து காற்று நிற்கும். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் கடுமையாக வீசும். அச்சமயத்தில் திரை இருண்ட வீடுகளில் உள்ளவரே வெளியே வந்து ஆபத்திற்குள்ளாவர். அறுந்து கிடக்கும் எக்கம்பியையும், அது கேபிள் கம்பியே எனத் தோன்றினாலும், தொடுதல் கூடாது. அதன் மறுமுனை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

8. வகுப்பறைச் செயல்முறை

இருபது மாணவர்களை நான்கு வரிசைகளாக அமரச் செய்க. நான்கு சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தை ஆசிரியர் உரக்கப் படிக்க, யாவரும் எழுதிக்கொள்க. இது ஒலிபரப்பு. ஆசிரியர் பேசியது ஒரு முறையே.

அடுத்து, அதே வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் ஒரு சீட்டில் எழுதி, வரிசை எண்ணும் மாணவர் பெயரும் குறித்து, முதல் மாணவர் வழியாகக் கைமாற்றி அனுப்புக. இருபது பேருக்கு 80 சீட்டுகள் வேண்டும். இது பொது இணையம். ஒரு வரிசையில் இரண்டாவது மாணவரை எழுந்து போகச் செய்தால், அவருக்குப் பின்னுள்ளவருக்குச் சீட்டு வாராமையைக் காணலாம். அறுந்த இழையின் நிலை இதுவே.

மூன்றாவதாக, வரிசைக்கு நான்கு சீட்டு வீதம் 16 சீட்டுகள் மட்டும் அனுப்பி, வரிசைத் தலைவர் மற்றவருக்கு நகலெடுத்துத் தரச் செய்க. இது தலைமை நிலையத்திலிருந்து கிளைதோறும் நகலெடுக்கும் முறை. சுமை குறைவதையும், வரிசைத் தலைவர் இல்லாவிடில் வரிசை முழுதும் வாடுவதையும் மாணவர் உணர்வர்.

வாய்ப்புள்ள பள்ளிகளில், ஒரே நேரடிச் செய்தியைக் கேபிள் பெட்டியிலும் கைப்பேசியிலும் ஒருங்கே வைத்து, ஒரே சொல் இரண்டிலும் கேட்கும் நேரத்தைக் கடிகாரத்தால் குறிக்கச் செய்யலாம். பத்து முறை அளந்து சராசரி காண்க.

வினாக்கள்

1. கொடிமர அடையாளத்திற்கும் இணையவழித் தொலைக்காட்சிக்கும் உள்ள முதன்மையான வேற்றுமை யாது?

2. நொடிக்கு 10 லட்சம் பிட் வீதம் இரண்டு மணி நேரம் நிகழ்ச்சி காண்பதற்கு எத்தனை ஜிகாபைட் செலவாகும்? (விடை: 0.9)

3. இணையத்தில் செய்தி அரை நிமிடம் பிந்துவது புயல் எச்சரிக்கைக்கு ஏன் பெரிய ஊறன்று?

4. கண்ணாடி இழை இணைப்பு கேபிளைவிட எவ்விதத்தில் சிறந்தது? எவ்விதத்தில் அதற்கும் அதே ஆபத்து உண்டு?

5. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிற்குச் செய்தி வரும் பாதைகளை எண்ணி எழுதுக. மின்சாரம் நின்றால் அவற்றுள் எவை எஞ்சும்? தெருவிலுள்ள கம்பிகளும் அறுந்தால் எவை எஞ்சும்?

ஐந்தாவது வினாவிற்கு எதுவும் எஞ்சாது என விடை எழுதும் மாணவரின் பெயர்களை ஆசிரியர் குறித்துக்கொண்டு, அவ்வீடுகளின் பட்டியலை அப்பகுதிக் களப்பணியாளரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். புயல் நாளில் முதலில் நேரில் சென்று செய்தி சொல்ல வேண்டிய வீடுகள் அவையேயாகும்.